நாள் தள்ளிப் போவது எதனால்?

மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் கூடுவதற்கு எவரும் அழைப்பு அனுப்புவதில்லை. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்து, மணலில் கழி நட்டுப் புடைவையைச் சுற்றிக் கூடாரம் அமைத்து, கன்னியம்மனை வழிபட்டு, நிச்சயமான கலியாணங்களையும் அங்கேயே நடத்தி முடித்துத் திரும்பும் அந்த மக்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது சந்திரன் ஒன்றே. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பிறையோடு சேர்த்தே எண்ணுகிறார்கள். இவ்வளவு ஒழுங்காக வளர்ந்து தேயும் ஒரு கோளத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர், ஏறக்குறைய அதே கால அளவில் பெண்ணின் சரீரத்தில் நிகழும் ஒரு மாறுதலையும் அதனுடன் முடிச்சுப் போட்டு, சந்திரனுக்குரிய நியமமே பெண்ணுக்கும் உரியது என்று கருதியது இயற்கைதான். ஆனால் அந்தக் கருத்தின் நிழலிலே வளர்ந்த ‘28 நாள்’ என்னும் கணக்கு, இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் காரணமற்ற கலவரத்தை விளைவித்து வருகிறது என்பதே இதனை எழுத என்னைத் தூண்டியது.

முதலாவதாக, சந்திரனே 28 நாளில் வளர்ந்து தேய்வதில்லை. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சராசரியாக 29 நாளும் 12 மணி 44 நிமிஷமும் செல்கின்றன. அந்த இடைவெளியும் மாதத்துக்கு மாதம் ஏறத்தாழ 29 நாள் 6 மணி முதல் 29 நாள் 20 மணி வரை கூடிக் குறைகிறது. சூரியனை அனுசரித்த நம் தமிழ் மாதங்களைப் பார்த்தாலோ, ஆனிக்கு 32 நாளும் மார்கழிக்கு 29 நாளுமாக வரும் ஆண்டுகளைப் பஞ்சாங்கங்கள் எவ்விதத் தயக்கமுமின்றி அச்சிடுகின்றன; பூமியின் பாதை சரியான வட்டமன்று, அது ஓரிடத்தில் விரைந்தும் மற்றோரிடத்தில் தாமதித்தும் செல்கிறது என்பதே காரணம். விண்ணிலுள்ள கோளங்களுக்கு நாம் அளித்திருக்கும் இந்தச் சலுகையை, உணவும் உறக்கமும் கவலையும் காய்ச்சலும் வந்து தாக்கும் மனித தேகத்துக்கு மட்டும் மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்? சந்திரனுக்கும் மாதவிடாய்க்கும் நேரான பிணைப்பு உண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 22 பெண்களின் பல்லாண்டுக் குறிப்பேடுகளைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், சிலருக்குச் சில காலம் மட்டும் நிலவோடு இணைந்து சென்று பிறகு விலகிவிடும் போக்கையே காட்டினார்கள்; நிரந்தரமான பிணைப்பு எதுவும் புலப்படவில்லை.

நம் வீடுகளில் இக்கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்கும் பால் வாங்காத நாளுக்கும் நடுவே, மற்றவர் கண்ணுக்குப் பொருளற்றதாகத் தோன்றும்படி பென்சிலால் இட்ட ஒரு சிறு புள்ளி இருக்கும். சென்ற மாதம் 5-ஆம் தேதியில் புள்ளி, இந்த மாதம் 2-ஆம் தேதியிலேயே வந்துவிட்டது, மூன்று நாள் முந்திவிட்டதே என்று அதனைப் பார்த்துக் கலங்குவோர் பலர். ஜனவரி 5-க்கும் பிப்ரவரி 2-க்கும் இடையே உள்ளவை சரியாக 28 நாட்களே. தேதியைத் தேதியோடு ஒப்பிடுவதால் விளையும் மயக்கம் இது. மாதங்களின் நீளம் வேறுபடுகிறபோது தேதிகள் ஒத்துவருவதும் விலகுவதும் எதனையும் நிரூபிப்பதில்லை. இரத்தப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு, அடுத்த போக்கு தொடங்குவதற்கு முந்திய நாள் வரை எண்ணுவதே சுழற்சியின் நீளத்தை அறியும் முறை. போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவோரும், தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவோரும் உண்டு. அப்படி எண்ணினால் மூன்று நான்கு நாள் வழுவிப் போகும்.

ஒரு பெண் ஆறு சுழற்சிகளை இவ்வாறு முறையாகக் குறித்து வைக்கிறாள் என்று கொள்வோம்; 27, 31, 29, 34, 28, 30 என்று அவை அமைகின்றன. சராசரி 30-க்குச் சற்றுக் குறைவு; 28 என்பது ஒரே ஒரு முறைதான் வந்தது; மிகக் குறுகியதற்கும் மிக நீண்டதற்கும் வித்தியாசம் ஏழு நாள். இவளை ஒழுங்கற்றவள் என்று சொல்ல எந்த மருத்துவ சாஸ்திரத்திலும் இடமில்லை. ஆனால் 34 நாள் ஆன அந்த மாதத்தில் அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? புதிதாக மணமானவளென்றால் மாமியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும், ஆறாம் நாள் அது வாடிப்போவதும். மணமாகாதவளென்றால் தாயின் பார்வையில் ஒரு கூர்மை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயென்றால் கணவனோடு பேசக்கூட இயலாத ஒரு திகில். ‘நாள் தள்ளிப் போயிருக்கு’ என்னும் அந்த ஒரே சொல், வீட்டுக்கு வீடு வெவ்வேறு தீர்ப்பாக மாறிவிடுகிறது.

பெண்களின் சுழற்சியை நினைவிலிருந்து கேட்டறியாமல், நடக்க நடக்கக் குறித்து வைக்கச் செய்து பெருமளவில் தொகுத்தவர் ஆலன் டிரெலோர் என்னும் புள்ளியியல் அறிஞர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவிகளைக் கொண்டு 1934-இல் அவர் தொடங்கிய முயற்சி, அம்மாணவிகள் தாயாகி நடுவயதடைந்த பின்னும் தொடர்ந்தது. 2,700 பெண்களிடமிருந்து சேர்ந்த இரண்டே முக்கால் லட்சம் இடைவெளிகளை ஆராய்ந்து 1967-இல் அவர் முடிவை வெளியிட்டார். ஒரே பெண்ணின் இரு சுழற்சிகள்கூடச் சமமாக இருப்பது அரிது என்பதும், பூப்பெய்திய தொடக்க ஆண்டுகளிலும் மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளிலும் வேறுபாடு மிகப் பெரிதாகிறது என்பதும், நடுவிலுள்ள இருபது இருபத்தைந்து ஆண்டுகளிலேதான் ஓரளவு ஒழுங்கு நிலவுகிறது என்பதும் அந்தத் தொகுப்பினால் பிரத்தியட்சமாயின. கைப்பேசிச் செயலிகள் வந்தபின் இத்தகைய ஆராய்ச்சி இன்னும் விரிந்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 1,24,648 பெண்களின் 6,12,613 சுழற்சிகளைக் கணக்கிட்டு, சராசரி 29.3 நாள் என்றும், சரியாக 28 நாளில் அமைந்தவை நூற்றுக்குப் பதின்மூன்று அளவே என்றும் கூறியது. நூற்றில் எண்பத்தேழுக்குப் பொருந்தாத ஓர் எண்ணை எவ்வாறு நியதி என்று அழைப்பது? தென்னிந்தியப் பெண்களைப் பற்றியும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புள்ளியியலாளர்கள் 1990-களில் இதே போலப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்திருக்கின்றனர். கேட்ட மாத்திரத்தில் எவரும் முப்பது என்றோ இருபத்தெட்டு என்றோ முழுமையாக ஓர் எண்ணைச் சொல்லிவிடுவதால், தொடர்ந்து கவனித்தே தீரவேண்டிய விஷயம் இது.

இனி, வேறுபாடு எங்கே பிறக்கிறது என்னும் கேள்விக்கு வருவோம். இதுவே இந்த விஷயத்தின் மர்மஸ்தானம்.

மாதவிடாய் என்பது ஜீவராசிகளில் மிகச் சிலவற்றுக்கே உரியது. நாம் வளர்க்கும் பசுவுக்கும் ஆட்டுக்கும் அது கிடையாது. திருக்கழுக்குன்றத்து மலைப் படிகளில் யாத்திரிகர் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறதே அந்த நாட்டுக் குரங்குக்கு உண்டு. 1940-இல் மார்க்கி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, ரீசஸ் குரங்கின் கருப்பை உள்வரியில் ஒரு துணுக்கை எடுத்து அதன் கண்ணின் முன்னறையிலேயே ஒட்டிவைத்து, விழியின் தெளிந்த படலத்தின் வழியே, இரத்தக் குழாய்கள் சுருங்குவதையும், உள்வரி வெளிறிச் சிதைவதையும், உதிரம் கசிவதையும் நேரிலே கண்டார். கருப்பை தன் விருப்பப்படி உதிரம் பெருக்குவதில்லை, இரத்தத்தில் வரும் கட்டளைகளுக்கே அது கீழ்ப்படிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

அந்தக் கட்டளைகளின் ஊற்று மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ். அங்கிருந்து ஏறத்தாழ மணிக்கொரு முறை துடிப்புத் துடிப்பாக வெளிவரும் ஒரு ரசாயனத் தூது, பிட்யூட்டரி சுரப்பியை எழுப்புகிறது. பிட்யூட்டரி தன் ஹார்மோன்களால் சினைப்பையை எழுப்புகிறது. சினைப்பையில் முட்டையை ஏந்திய சிறு நீர்ப்பைகள் பல ஒரே சமயத்தில் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று மட்டும் முந்திக்கொள்ள, மற்றவை வாடிவிடுகின்றன. முந்திய அந்தப் பை நாளொன்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் பருத்து, இருபது மில்லிமீட்டரை எட்டும் தருணத்தில், தான் சுரக்கும் எஸ்ட்ரோஜனை இரத்தத்தில் உயர்த்தி, அந்த உயர்வு ஏறத்தாழ இரண்டு நாள் நிலைத்து நின்றால்தான் பிட்யூட்டரி இறுதிக் கட்டளையைப் பிறப்பிக்கிறது. அதிலிருந்து ஒன்றரை நாளுக்குள் பை வெடித்து முட்டை வெளிப்படுகிறது. முட்டை போன இடத்தில் எஞ்சிய பை, கார்ப்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, கருப்பையின் உள்வரியைக் கருவுக்குப் பதப்படுத்துகிறது. கரு வந்து சேராவிட்டால் இரண்டு வாரத்தளவில் அந்தச் சுரப்பியின் ஆயுள் தானே முடிந்து, புரோஜெஸ்டிரோன் சரிந்து, உள்வரி கழன்று மாதவிடாயாகிறது.

இவ்விரண்டு பாதிகளும் ஒரே தன்மையன அல்ல. அடுப்பில் ஏற்றிய துவரம்பருப்பு வேகும் நேரம் பருப்பின் பழமையையும் தண்ணீரின் உப்பையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்; வெந்தபின் தாளித்து இறக்க ஆகும் நேரமோ என்றும் ஏறக்குறைய ஒன்றே. முட்டை பக்குவமடையும் முதற்பாதி பத்து நாளிலும் முடியலாம், இருபது நாளுக்கு மேலும் நீளலாம். பிற்பாதி பெரும்பாலும் பத்துக்கும் பதினாறுக்கும் இடையிலே அடங்கிவிடும். மேலே சொன்ன 2019-ஆம் ஆண்டு ஆய்விலும் முற்பாதியின் சராசரி 16.9 நாள், பிற்பாதியின் சராசரி 12.4 நாள். பாடப் புத்தகத்துப் படங்களில் நடுக்கோடு சரியாகப் பதினான்காம் நாளில் விழுகிறதே, அந்தச் சமச்சீர் அச்சுக்கு அழகே தவிர உடலுக்கு உரியதன்று.

இதிலிருந்து பெறப்படும் ஒரு முடிவை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மாதவிடாய் தாமதமாகும்போது, அந்தத் தாமதம் நேற்றோ முந்தாநாளோ நேர்ந்ததன்று. முட்டை வெளிப்படத் தாமதித்தபோதே, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்பே, அது தீர்மானமாகிவிட்டது. ஆகவே நேற்றைய வெயிலில் அலைந்ததையும், முந்தாநாள் கலியாண வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும், பேருந்தில் நின்றுகொண்டே தாம்பரத்திலிருந்து வந்ததையும் காரணமாகத் தேடுவது வீண். பப்பாளியையும் எள்ளுருண்டையையும் கொடுத்து வரவழைக்க முயல்வதும் அவ்வாறே. மஞ்சள் சுரப்பி தன் காலத்தை முடித்துக்கொள்ளும் வரை உள்வரி காத்திருக்கும், முடிந்ததும் கழலும், அந்தச் சமயத்தில் தின்ற பண்டத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். காரணம் தேடுவதானால், இரண்டு மூன்று வாரத்துக்கு முந்திய நாட்களில் காய்ச்சல் கண்டதா, பரீட்சை நடந்ததா, ஊர் மாறியதா, உறக்கம் கெட்டதா, உணவு குறைந்ததா என்றே பார்க்க வேண்டும். பெரும்பாலான சமயங்களில் அப்படி ஒன்றும் புலப்படாது, புலப்படாமலிருப்பதும் சகஜமே.

முட்டை வெளிப்படும் நாளை முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ண வேண்டும் என்னும் உண்மையைத் தனித்தனியே கண்டவர்கள் இருவர். ஜப்பானில் ஓகினோ கியூசாக்கு 1924-இல், அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னதாக அது நிகழ்கிறது என்று வெளியிட்டார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தாலன்றிப் பின்னிருந்து எண்ண முடியாதே என்னும் சங்கடம் அதிலேயே அடங்கியிருந்தது. அதன் பலனை நம் தேசம் நேரிலே அனுபவித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், செயற்கைக் கருத்தடை முறைகளில் காந்தியடிகளைப் போலவே மனம் ஒப்பாதவர்; ஆதலால் ‘பாதுகாப்பான நாட்கள்’ முறையைச் சோதிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக ஆபிரகாம் ஸ்டோன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1951-இல் வரவழைக்கப்பட்டார். மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் தில்லியின் லோதி காலனியிலும் சோதனை நிலையங்கள் ஏற்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் நாளைத் தவறவிடாதபடி, ஆபத்தான நாளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையுமாக மணிகளைக் கோத்து மாலையாக அளித்தார்கள். நாளுக்கு ஒரு மணியாகத் தள்ளிவர வேண்டியதுதான். எண்ணம் உயர்ந்தது, மணிமாலையும் அழகியது; எனினும் பலன் ஏமாற்றமளித்தது. நூலில் கோத்த மணிகளின் எண்ணிக்கை மாறாதது, அதனை அணிந்தவளின் உடல் மாறக்கூடியது என்பது அதன் முதன்மையான குறைகளில் ஒன்று. பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் மீண்டும் மணிமாலை ஒன்றை அமைத்தபோது, சுழற்சி 26 நாளுக்குக் குறையாமலும் 32 நாளுக்கு மிகாமலும் உள்ள பெண்களுக்கு மட்டுமே இது ஏற்றது என்று முதலிலேயே வரையறுத்துவிட்டார்கள்.

28 என்னும் எண் கண்ணுக்குப் புலப்படும் உருவத்தில் இன்று கிடைப்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக் கருத்தடை மாத்திரை அட்டையில்தான். மாலா-என் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஹார்மோன் மாத்திரைகள் 21-உம், வேறு நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரைகள் 7-உம் வரிசையாக இருக்கும். ஹார்மோன் நின்ற அந்த ஏழு நாளில் வரும் உதிரம், முட்டை பக்குவமாகி அதன்பின் வரும் மாதவிடாய் அன்று. மருந்தை நிறுத்தியதால் உள்வரி கழல்வது. அது 28 நாளுக்கொரு முறை தவறாமல் வருவது தயாரித்தவர்கள் அவ்வாறு அட்டையை அமைத்ததனால். மாத்திரையை விட்டபின் 33 நாளும் 36 நாளும் ஆவதைக் கண்டு, மருந்து தன் உடம்பைக் கெடுத்துவிட்டது என்று வருந்தும் பெண், பெரும்பாலும் தன் சுபாவமான சுழற்சிக்கே திரும்பியிருக்கிறாள். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, இப்போது ‘சாயா’ என்ற பெயரில் அரசு நிலையங்களில் கொடுக்கப்படும் வாராந்தர மாத்திரையோ, இதற்கு நேர்மாறாகச் சிலருக்குச் சுழற்சியை நீட்டிவிடும் இயல்புடையது. கொடுப்பவர் அதனை முன்னரே சொல்லிவிட்டால் பாதி பயம் நீங்கும்.

வயதைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் பூர்த்தியாகாது. மஞ்சள் நீராட்டு நடந்து முடிந்த வீடுகளில், அடுத்த மாதமே சரியாக வரவேண்டும் என்று எதிர்பார்த்து, வராதபோது பெண்ணை அழைத்துக்கொண்டு செங்கற்பட்டுக்கும் சென்னைக்கும் அலையும் தாய்மார் பலர். பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான பேச்சு இன்னும் பழகாத நிலையில் இருப்பதால், பல சுழற்சிகளில் முட்டையே வெளிப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் முதல் சுழற்சியின் நடு அளவு 34 நாளாக இருந்தது. 21 முதல் 45 நாள் வரை அந்த வயதில் இயல்பே. இருபத்தைந்துக்குப் பிறகு ஆண்டு செல்லச் செல்ல முற்பாதி சிறிது சிறிதாகக் குறுகி, நாற்பது வயதினளுக்கு 26, 27 நாளிலேயே வந்துவிடுவதும் இயல்பு. அதற்கும் மேலே, அடுத்தடுத்த இரு சுழற்சிகளின் நீளத்தில் ஏழு நாளும் அதற்கு மேலும் வித்தியாசம் திரும்பத் திரும்பக் காணத் தொடங்கினால், மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்குகிறது என்று கொள்ளலாம். நம் நாட்டில் அது சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதளவில் நிகழ்கிறது.

சிறுசேரியிலும் மறைமலைநகரிலும் மகிந்திரா சிட்டியிலும் இரவு முறை வேலைக்குச் செல்லும் பெண்கள், மாறி மாறி வரும் இரவு வேலை தங்கள் நாட்களைக் குழப்புவதாகச் சொல்வதை அலட்சியம் செய்யலாகாது. அமெரிக்காவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரிடையே நடந்து 2011-இல் வெளியான ஆய்வும், சுழல்முறை இரவு வேலை மிகுந்தவர்களிடம் ஒழுங்கின்மை மிகுதி என்றே கண்டது. விடுதியில் ஒன்றாகத் தங்கும் பெண்களுக்கு நாட்கள் ஒன்றுபட்டுவிடும் என்பது 1971-இல் ஓர் ஆராய்ச்சியால் புகழ் பெற்று, பின்னர் நடந்த கவனமான ஆய்வுகளில் நிலைக்கவில்லை. கொரோனா தடுப்பூசிக் காலத்தில், ஊசி மாதவிடாயைக் கெடுத்துவிடும் என்று எழுந்த வதந்திகள் பல பெண்களை ஊசி போடவிடாமல் தடுத்தன. சுழற்சி நீள்வது உண்மையே, ஆனால் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக, அதுவும் தற்காலிகமாக என்று 2022-இல் அளந்து கூறப்பட்டது.

திருவிழாவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் முன்பாக மருந்துக் கடைக்குச் சென்று ‘தள்ளிப்போடும் மாத்திரை’ கேட்பது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத் தொடங்க வேண்டிய அந்த மருந்து, நாளையே சரியாக அறியாதவளுக்கு எவ்வாறு பயன்படும்? மருத்துவரைக் கேளாமல் அதனை விழுங்குவது, முன்பு இரத்தக் குழாயில் அடைப்பு கண்டவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம். செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடத்தில், மாதவிடாய் நாட்களிலும் பெண்கள் கருவறைக்குச் சென்று தம் கையாலேயே பூஜை செய்ய வழி செய்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான பெண்கள் சிவப்பு உடுத்தி அங்கே வருவதைப் பார்க்கும்போது, ஒரு தடையை நீக்குவது எத்தனை மாத்திரைகளைத் தேவையற்றதாக்கிவிடும் என்று நான் மகிழ்ந்து நினைப்பதுண்டு.

எல்லாம் இயல்பே என்று சொல்லிவிடவும் நான் ஒருப்படேன். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2018-இல் வகுத்தபடி, வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரை இயல்பான நீளம். அவளுடைய மிகக் குறுகிய சுழற்சிக்கும் மிக நீண்டதற்கும் வித்தியாசம் வயதையொட்டி ஏழு முதல் ஒன்பது நாள் வரை இருக்கலாம். போக்கு எட்டு நாளுக்கு மேற்படலாகாது. மாதக்கணக்கில் இவ்வெல்லைகளைத் தாண்டி நடந்தால், தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளும், மக்கள் ‘நீர்க்கட்டி’ என்று அழைக்கும் சினைப்பை நோயும் உண்டா என்று பார்க்க வேண்டும். நீர்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ அறுத்தெறிய வேண்டிய கட்டி என்று பதறுகிறார்கள். வளரத் தொடங்கி முதிராமல் நின்றுவிட்ட சிறு பைகளே அவை, முட்டை முதிராததால்தான் நாள் நீள்கிறது. மூன்று மாதம் வராமலே இருந்தாலும், பதினைந்து வயது வரை பூப்பெய்தாவிட்டாலும், இடையிடையே உதிரம் கண்டாலும், நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் கண்டாலும் தாமதிக்கலாகாது. கருவுற வாய்ப்புள்ளவள் எல்லாவற்றுக்கும் முன் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நாளைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் அளவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதே என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. ஒரு மாதவிடாயில் சாதாரணமாகப் போவது முப்பது நாற்பது மில்லிலிட்டர். எண்பதைத் தாண்டினால் இரத்தசோகை பின்தொடரும். ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை நாப்கினை மாற்றுவதும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவதும், இரவில் இருமுறை எழுந்து மாற்றுவதும் தங்கள் குடும்பத்துக்கே உரிய வழக்கம் என்று பொறுத்துக்கொண்டு, மீன்கூடையைத் தலையில் சுமந்தும் வயலில் நாற்று நட்டும் மூச்சிரைக்க வாழ்கிறவர்கள், நாள் தவறாமல் வருகிறதே என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். காலண்டரில் இடும் புள்ளியோடு, எத்தனை நாள் நீடித்தது, நாப்கின் எத்தனை ஆயிற்று என்று இரண்டு எண்களையும் சேர்த்து எழுதிவைத்தால், செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிஷங்களில் மருத்துவருக்கு அவை நீண்ட விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

கர்ப்பம் தரித்தபின்னும் இக்கணக்கு விடுவதில்லை. பதிவு செய்ய வரும் பெண்ணிடம் கிராம சுகாதார செவிலியர் முதலில் கேட்பது, “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?” என்பதுதான். அந்த மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி மூன்று மாதத்தைப் பின்னே தள்ளிப் பிரசவ நாளைக் குறிக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய மருத்துவர் நேகலே பரப்பிய இந்தச் சூத்திரம், எல்லாப் பெண்ணுக்கும் 28 நாள் சுழற்சி, பதினான்காம் நாள் முட்டை என்று அனுமானித்துக்கொள்கிறது. ஜூன் 10-ஆம் தேதி கடைசி மாதவிடாய் என்றால் மார்ச் 17 என்று அட்டையில் எழுதப்படும். 35 நாள் சுழற்சியுடையவளுக்கு முட்டை வெளிப்பட்டதே ஒரு வாரம் பிந்தித்தான், ஆகவே அவளுடைய உண்மையான நாள் மார்ச் 24-ஐ ஒட்டியது. நாள் கடந்துவிட்டது என்று கருதி வலியைத் தூண்டலாமா, காத்திருக்கலாமா என்னும் தீர்மானம் இந்த ஏழு நாளிலே தொங்குகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் நீளத்தை அளந்து, ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் கண்டால் தேதியைத் திருத்துகிறார்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில் முதன்முதலாக வருபவளுக்கு அந்தத் திருத்தம் அத்தனை துல்லியமாக அமையாது. ஆகையால், கடைசியாக எப்போது என்று கேட்கும் அதே மூச்சில், வழக்கமாக எத்தனை நாளைக்கொரு முறை வரும் என்றும் செவிலியர் கேட்டு, அந்த எண்ணையும் கர்ப்பிணியின் அட்டையில் எழுதிவிட வேண்டும்.